கைகட்டாத மரியாதை: மின்வழி வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு எதைக் கற்பிக்கிறோம்?

வாலாஜாபாத்திலிருந்து பிழைப்புக்குப் போகும் வழிகள் இத்தனை காலமும் கண்ணுக்குத் தெரிந்தவையாக இருந்தன. வண்டலூர் சாலையில் பஸ் ஏறினால் ஒரகடம். அங்கே கார், டயர், மோட்டார் சைக்கிள் ஆலைகள். செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதை ஒரு பக்கம் சென்னைப் புறநகருக்கும் மறுபக்கம் காஞ்சிபுரத்துக்கும் கொண்டு சேர்க்கும். எங்கும் போகாதவர்களுக்கு, பக்கத்து அய்யம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் இருப்பதுபோல, வீட்டுக்குள்ளேயே தறி. இப்போது இவற்றோடு திரை வழியாகப் போகும் வழியும் சேர்ந்திருக்கிறது. மருத்துவமனைகளின் கட்டணக் கோப்புகளைச் சரிபார்ப்பது, வாடிக்கையாளர் குறைகளுக்குப் பதில் எழுதுவது, மென்பொருள் சோதனை, கணக்குப் பதிவு, இணையத்தில் சேலை விற்பது என்று இந்த வேலைகள் பலவகை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. வேலை கொடுப்பவர் பெரும்பாலும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. நாம் எழுதியதையும், அதை எப்போது எழுதினோம் என்பதையும், சொன்னபடி செய்தோமா என்பதையும் வைத்துத்தான் நம்மை அறிகிறார். ஆகவே அலுவலக நாகரிகம் என்று கல்லூரிகளில் நாம் கற்பிப்பது இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கிறதா என்று கேட்டாக வேண்டும். மேலிருப்பவர் முன் எப்படி நிற்பது என்பதையே நாம் பெரும்பாலும் கற்பிக்கிறோம். சக பணியாளரின் நேரத்துக்கும் நம்பிக்கைக்கும் எப்படிப் பொறுப்பேற்பது என்பதே கற்பிக்க வேண்டியது. முன்னதைப் பணிவு என்றும் பின்னதை மரியாதை என்றும் பிரித்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் நம் மாணவர்கள்தான் இழக்கிறார்கள்.

இப்போது நடக்கும் வகுப்பு

தமிழ்நாட்டில் இந்த வகைப் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. இன்ஃபோசிஸ் நிறுவனம் 2004இல் தொடங்கிய கேம்பஸ் கனெக்ட், பொறியியல் கல்லூரிகளைத் தொழில்துறையோடு இணைக்க முயன்றது. 2009இல் இதே நோக்கத்தோடு ஐ.சி.டி. அகாடமி உருவானது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2020–21 கல்வியாண்டில் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்களுக்குத் துறைவாரியான தொழில்முறை ஆங்கிலப் பாடத்தைக் கொண்டுவந்தது. 2022 மார்ச் 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘நான் முதல்வன்’ திட்டம், ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களைத் திறன்பெறச் செய்வதை இலக்காக வைத்தது. கிராமத்துக் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கும் சென்னைக் கல்லூரி மாணவருக்கும் ஒரே பயிற்சி கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் இத்திட்டத்தின் பெரிய பலம்.

ஆனால் வகுப்பறைக்கு வந்து சேரும்போது பாடம் சுருங்கிவிடுகிறது. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுவது, கைகுலுக்கும் முறை, தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது, குழு விவாதம், மாதிரி நேர்காணல் ஆகியவையே ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ வகுப்பின் வழக்கமான சரக்கு. இவை தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. இவை நேர்காணல் அறையின் வாசலைத் தாண்டும் வரைக்கும் உதவும். வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில், கொடுத்த வேலை பாதிதான் முடிந்திருக்கிறது, நாளை காலை கெடு, மேற்பார்வையாளர் வேறொரு நாட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்ற நிலையில் என்ன செய்வது? கைகுலுக்கும் பயிற்சியில் அதற்கு விடை இல்லை.

விடுப்புக் கடிதத்தின் நிழல்

நம் பிள்ளைகள் பள்ளியில் எழுதிப் பழகும் ஒரே அலுவல் கடிதம் விடுப்பு விண்ணப்பம். பள்ளியை விட்டால் அரசு அலுவலகத்துக்கு எழுதும் மனு. இரண்டுக்கும் உள்ளமைப்பு ஒன்றுதான்: மேலே இருப்பவரை வணங்கு, உன் இயலாமையைச் சொல், கருணை கேள். அதிகாரியிடம் எதையாவது கேட்டுப் பெறுவதற்கு உருவான வடிவம் இது. பதினைந்து ஆண்டுகள் இதையே எழுதிய கை, வேலைக்குப் போனதும் மின்னஞ்சலையும் அப்படியே எழுதுகிறது. ஒரு மாதிரியைப் பார்க்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, நேற்று முதல் எனக்குக் காய்ச்சல். ஆகையால் தாங்கள் கொடுத்த வேலையை முடிக்க இயலவில்லை. தயவுகூர்ந்து மன்னிக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் மரியாதைச் சொற்களுக்குக் குறைவில்லை. ஆனால் படிப்பவருக்குத் தேவையான ஒரு செய்தியும் இல்லை. எவ்வளவு முடிந்தது, மீதி எப்போது வரும், அதுவரை வேலையை யார் தொடரலாம் என்பவற்றை அவரே திரும்பக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதே நிலைமையை இப்படியும் எழுதலாம்:

“விற்பனைப் பட்டியலின் 400 வரிகளில் 250 சரிபார்த்தாயிற்று. காய்ச்சலால் இன்று தொடர முடியவில்லை. மீதி 150 வரிகளை வியாழன் மதியம் 12 மணிக்குள், இந்திய நேரப்படி, அனுப்பிவிடுவேன். அதற்கு முன்பே தேவைப்பட்டால் கோப்பு பொதுக் கோப்புறையில் இருக்கிறது. 251ஆம் வரியிலிருந்து வேறொருவர் தொடரலாம்.”

இரண்டாவது கடிதத்தில் மன்னிப்பு இல்லை, வணக்கமும் இல்லை. ஆனாலும் இதுவே கூடுதல் மரியாதை உள்ளது. எதிரில் இருப்பவரின் அடுத்த வேலையை நினைத்து எழுதப்பட்டது இது. முதல் கடிதத்தை எழுதியவர் தன் மீது வரக்கூடிய கோபத்தை மட்டும் நினைத்தார்.

உலகக் கோட்பாட்டில் ஒரு தமிழ்க் கிராமம்

இந்த வேறுபாட்டை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மரியாதைப் பேச்சைப் பற்றி உலக மொழியியலில் அதிகம் பேசப்படும் கோட்பாடு பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதியது. முதலில் 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் தனி நூலாகவும் வந்தது. அதற்கான மூன்று முதன்மை மொழித் தரவுகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால் மொழி, தமிழ். தமிழ்த் தரவு கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது.

ஒருவரிடம் ஒன்றைச் சொல்லும்போது எவ்வளவு பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்பதை மூன்று அளவுகள் முடிவுசெய்கின்றன என்பது அவர்கள் வாதம். இருவருக்கும் இடையிலான நெருக்கம் அல்லது தொலைவு ஒன்று. யார் கை ஓங்கியது என்ற அதிகாரம் இரண்டு. நாம் கேட்பது எதிரிலிருப்பவர் மேல் எவ்வளவு சுமையை ஏற்றுகிறது என்பது மூன்று. ஆளைப் பார்த்து நீ, நீங்கள், தாங்கள் என்று மாற்றுவதும், தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்குவதும் அதிகாரத்தை அளந்து நடப்பவை. நம் ஊர்களில் அந்த அதிகாரம் சாதியாலும் நிலத்தாலும் ஆனது என்பதை மறந்துவிட்டு மரியாதையைப் பேச முடியாது.

விண்ணப்பக் கடிதம் இரண்டாவது அளவை மட்டுமே பார்க்கிறது. மின்வழி வேலையிலோ மூன்றாவது அளவே முதன்மை பெறுகிறது. இணையத்தின் தொழில்நுட்பச் சமூகம் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. 1995 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணம், இணைய நாகரிகத்துக்கான வழிகாட்டி. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்தது. ஒரு மின்னஞ்சலுக்கு ஆகும் செலவை அனுப்புபவரும் பெறுபவரும் ஏறத்தாழச் சமமாகச் சுமக்கிறார்கள் என்பதை அது நினைவூட்டுகிறது. இன்று அந்தச் செலவு நேரமும் கவனமும்தான். தேவையின்றி நாற்பது பேருக்கும் பதில் போவது, தலைப்பில்லாத அஞ்சல், ‘ஹாய் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருப்பது எல்லாம் அடுத்தவர் கணக்கில் நாம் செய்யும் செலவுகள். இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு விதிகளின் பட்டியல் தேவைப்படாது. புதிய செயலி வந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே யோசித்துக்கொள்வார்.

யார் முறையை யார் கற்பது?

அலுவலக நாகரிகம் எப்போதும் நடுநிலையாக இருந்ததில்லை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கும் நம் வாலாஜாபாத், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படையின் பாசறையாக ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உள்ளூருக்கும் நடுவே நின்றவர்கள் துபாஷிகள். அவர்களில் ஒருவர் பச்சையப்ப முதலியார் (1754–1794). அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் நடக்கும் அறக்கட்டளை காஞ்சிபுரத்திலும் கல்லூரிகளை நடத்துகிறது. இரு தரப்பு மொழியும் முறைமையும் அறிந்திருந்ததே துபாஷியின் முதலீடு. அந்தக் காலத்தில் கற்க வேண்டிய கட்டாயம் ஒரு பக்கம் மட்டும் இருக்கவில்லை. 1812இல் சென்னையில் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் கம்பெனியின் இளம் அதிகாரிகளே தமிழும் தெலுங்கும் படித்துத் தேர்வெழுத வேண்டியிருந்தது. ஆட்சி உறுதிப்பட்டபின் கற்கும் சுமை நம் பக்கமே சாய்ந்தது.

அந்தச் சாய்வு தகவல் தொழில்நுட்பத் துறையிலும் தொடர்ந்தது. மானிடவியலாளர்கள் சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளையும் சென்னை ஐ.டி. ஊழியர்களையும் பற்றி 2006இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் எழுதினார்கள். ‘எக்ஸ்போஷர்’ என்று எல்லாரும் சொல்லும் ஒன்று, அதாவது நகரத்து ஆங்கில நடுத்தர வர்க்க வீட்டில் தானாகவே ஒட்டிக்கொள்ளும் பழக்கவழக்கம், வேலைக்குத் தேர்வாவதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டு கேரல் உபாத்யா, தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்ற ஐ.டி. துறையின் வாதம் யாரை வெளியே நிறுத்துகிறது என்று அதே இதழில் ஆராய்ந்தார்.

இந்த ஆய்வுகளிலிருந்து ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை தெளிவானது. உச்சரிப்பையும் உடையையும் நாகரிகம் என்று கற்பித்து மதிப்பெண் போட்டால், வீட்டுச் சூழலுக்கு மதிப்பெண் போடுகிறோம். நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வகுப்பு கொடுப்பது தாழ்வுணர்ச்சியாகத்தான் இருக்கும். தெளிவாக எழுதுவது, சொன்ன நேரத்தில் சொல்வது, கணக்கை ஒப்படைப்பது போன்றவை எந்த வீட்டுப் பிள்ளைக்கும் கற்பிக்கக் கூடியவை.

ஊருக்குள் இருக்கும் பாடம்

கணக்கு ஒப்படைப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஊர்ச் சபையின் வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய குறிப்பிட்ட உறவினர்களும் மறுபடி உறுப்பினராக முடியாது என்ற விதியும் அவற்றில்தான் இருக்கிறது. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கு மட்டுமே அந்தச் சபை திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொறுப்பு பற்றிய விதியை வைத்துக்கொண்டு, விலக்கி வைத்த விதியை விட்டுவிடும் உரிமை நமக்கு உண்டு.

பட்டு நெசவிலும் இதே ஒழுங்கு இருக்கிறது. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுக் கொடுப்பார்கள். நெய்து முடித்த சேலையை எடைபோட்டு வாங்குவார்கள். இடையில் நடந்தது எல்லாம் புத்தகத்தில் ஏறும். கோர்வைச் சேலை நெய்யும்போது கரைக்கு நாடா தள்ளும் உதவியாளும் நெசவாளரும் ஒருவர் கையை ஒருவர் எதிர்பார்த்தே வேலை செய்கிறார்கள். ஒருவர் சொல்லாமல் நிறுத்தினால் மற்றவர் வேலையும் நிற்கும். ‘டீம் ஒர்க்’ என்று பலகையில் எழுதிப்போடும் ஆசிரியர், இதை வீட்டில் பார்த்து வளர்ந்த மாணவரையே எழுந்து விளக்கச் சொல்லலாம்.

மின்வழி வேலை இந்தத் தறிக்கே வந்துவிட்டது. காஞ்சிப் பட்டு வட்டாரத்து இளைஞர்கள் பலர் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை விற்கிறார்கள். இதற்கான நாகரிகம் நேர்மையிலிருந்து தொடங்குகிறது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லாமலிருப்பது, ஜரிகை எந்தத் தரம் என்று விலையோடு சேர்த்தே சொல்வது, படத்தில் தெரியும் நிறம் நேரில் சற்று மாறலாம் என்று முன்கூட்டியே எழுதுவது, அனுப்பத் தாமதமானால் வாங்கியவர் கேட்கும் முன்பே தெரிவிப்பது. காஞ்சிப் பட்டுக்கான புவிசார் குறியீடும் பட்டு முத்திரையும் இந்த நம்பிக்கையைக் காக்க உருவானவை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளும் வணிகவியல் மாணவரின் நாகரிகப் பாடத்தில் இடம்பெற வேண்டியவை.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் பெயர். நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான் உண்டு. படிவம் ‘கடைசிப் பெயர்’ கேட்கும்போது அப்பா பெயரை எழுதினால், வெளிநாட்டுச் சக ஊழியர் மகளை அப்பா பெயரால் அழைப்பார். எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதைக் கையொப்பத்திலேயே தெளிவாக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். சான்றிதழ், வங்கிக் கணக்கு, வேலைப் பதிவு எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும்.

அடுத்து நேரம். ‘மாலை 6 மணி’ என்றால் யாருடைய மாலை என்று எழுத வேண்டும். அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும், நம்முடையது மாறாது. இதை மறந்தவர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ போய் நிற்பார்.

மூன்றாவது, கேட்பதும் மறுப்பதும். ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசாமலிருப்பதே மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். ஆகவே புரியாதபோதும் “சரிங்க சார்” என்கிறோம். மின்வழி வேலையில் இந்தச் சரி பெரிய சேதத்தை உண்டாக்கும். “நான் புரிந்துகொண்டது இது; சரியா?” என்று எழுதிக் கேட்பதும், “வெள்ளிக்குள் முடியாது, திங்களுக்குள் முடியும்” என்று அன்றைக்கே சொல்வதும் துணிச்சலாகத் தோன்றும். உண்மையில் அதுவே பொறுப்பு. திருக்குறளின் பொருட்பாலில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகியவை தனித்தனி அதிகாரங்கள். சபை அறிந்து பேசுவதை அடுத்தே சபைக்கு அஞ்சாமை வைக்கப்பட்டிருக்கிறது. நம் வகுப்புகள் முதலாவதைக் கற்பித்துவிட்டு அடுத்ததை விட்டுவிடுகின்றன.

நான்காவது, வீடு. முன்னறையில் தறி ஓடும் வீட்டிலிருந்து காணொளிக் கூட்டத்தில் சேர்வது வெட்கப்பட வேண்டியதல்ல. பேசாத நேரத்தில் மைக்கை அணைத்து வைப்பதும், படம் காட்ட முடியாவிட்டால் அதை முன்பே தெரிவிப்பதும் போதும். எல்லாரும் கேமராவைப் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லும் பயிற்சியாளர், தனி அறை இருக்கும் வீட்டை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்.

ஐந்தாவது, எல்லைகளும் உரிமைகளும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை நண்பர்கள் குழுவில் போடுவது தவறு என்பதை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். நள்ளிரவில் வரும் தேவையற்ற செய்திக்கும் சிரித்துப் பதிலளிப்பதுதான் நல்ல பழக்கம் என்று ஒரு பெண் நினைத்துவிட்டால், நாம் கற்பித்த நாகரிகம் அவருக்கே எதிராகப் போய்விடுகிறது. வேலைக்கு முன்பணம் கேட்பவரிடமும், அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பவரிடமும் “எழுத்தில் கொடுங்கள்” என்று கேட்கும் திராணியும் இந்தப் பாடத்தின் பகுதிதான்.

முதல் அலுவலகம் கல்லூரியே

இவற்றை எப்படிக் கற்பிப்பது? முதலில் தமிழில். ஒரு தாமதத்தை எப்படித் தெரிவிப்பது என்ற யோசனை தாய்மொழியில் தெளிந்தபின் ஆங்கிலத்தில் எழுதுவது எளிது. தலைகீழாகச் செய்தால் மனப்பாட வாக்கியங்கள்தான் மிஞ்சும். அடுத்து, உண்மையான வேலை தர வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் இருப்புப் பட்டியல், கல்லூரி நூலகத்தின் புத்தகப் பதிவு, உள்ளூர்க் கடையின் இணையப் பக்கம் என்று ஏதாவது ஒன்றை ஒரு பருவம் முழுக்க ஒரு குழு நடத்தட்டும். எழுதிய அஞ்சல்கள், கொடுத்த வாக்குகள், காத்த கெடுக்கள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடலாம். மென்பொருள் நிறுவனமான ஜோஹோ நடத்தும் பள்ளிகள், பட்டம் இல்லாத மாணவர்களையும் வகுப்பிலிருந்து உண்மையான வேலைக் குழுக்களுக்குள் கொண்டுபோய்ப் பயிற்றுவிக்கின்றன. அந்த வழி பாடநூலைவிட எவ்வளவு பயன் தரும் என்பதற்கு அது நல்ல சான்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லூரி தானே இந்த நாகரிகத்தோடு நடந்துகொள்ள வேண்டும். இரவு 11 மணிக்கு வகுப்புக் குழுவில் மறுநாள் தேர்வை அறிவிப்பது, தேதி இல்லாத சுற்றறிக்கை, மாணவர் எழுதிய அஞ்சலுக்கு வாரக்கணக்கில் பதிலின்மை, கேள்வி கேட்டவரை எல்லார் முன்னும் குறைத்துப் பேசுவது ஆகியவை நடக்கும் வளாகத்தில் பயிற்சியாளர் வந்து இரண்டு நாள் பேசிப் பயனில்லை. தன்னை மதித்துப் பதில் எழுதிய ஆசிரியரிடமிருந்துதான் மாணவர் அடுத்தவரை மதித்து எழுதக் கற்கிறார்.

ஆகவே வாலாஜாபாத் வட்டாரத்துக் கல்லூரிகள் அரசாணைக்கோ புதிய பாடநூலுக்கோ காத்திருக்கத் தேவையில்லை. வரும் பருவத்தில் இரண்டே விதிகளோடு தொடங்கலாம். மாணவர் எழுதும் எந்த அஞ்சலுக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஆசிரியரோ அலுவலகமோ பதில் தரும். மாணவரும் ஒப்புக்கொண்ட வேலை தாமதமாகும் என்று தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவிப்பார். இரு தரப்பையும் ஒரேபோலக் கட்டுப்படுத்தும் விதிகள் இவை. அப்படிப் பழகிய மாணவர் எந்த நாட்டு நிறுவனத்தின் திரைக்கு முன் உட்கார்ந்தாலும் கைகட்டி நிற்க மாட்டார். சக பணியாளராக நிற்பார்.